இரண்டு அடி முன்னால்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் கிளெனிஸ் ட்ரெம்பாத்திடம் மாட்டாமல் தப்பிக்கவே முடியாது. யார்க் தெரு துறைமுகத்தைப் பார்த்துச் சரிகிற இடத்தில், ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் அந்தக் கேமரா கடை. கடை கிளைவ் என்ற மனிதருடையது. ஆனால் அது பெயர்ப்பலகைக்கு மட்டும் தெரிந்த சேதி. உள்ளே இருபத்தாறு வருஷமாக ஆட்சி நடத்தியது கிளெனிஸ்தான். பிலிம் சுருள் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஊரே டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் பைத்தியம் பிடித்து அலைந்தபோது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"என்ன கண்ணு, எத்தனை மெகாபிக்சல்னு கேக்க வந்தியா? கேட்டுடாத. கேட்டா வெளிய அனுப்பிடுவேன்."

நாற்பது வயது மீனவனும் அவளுக்குக் கண்ணுதான், ஓய்வு பெற்ற நீதிபதியும் கண்ணுதான். வந்தவரை மேஜைக்கு முன்னால் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு கேமராவைக் கையில் வைப்பாள். பிறகு வேறொன்றை வைப்பாள்.

"கட்டைவிரல் எங்க போவுது? பட்டனைத் தேடுதா, தானா போய் உக்காருதா? கைக்குப் பிடிக்காத கேமரா அலமாரில தூங்கும். சொல்லிட்டேன்."

அடுத்தது லென்ஸ். முழுப் பணத்தையும் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில் கொட்டாதே, பாடி மூன்று வருஷத்தில் கிழடு தட்டிவிடும், நல்ல லென்ஸ் உன் மகன் காலம் வரைக்கும் வரும். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கு. கேமராப் பை என்று திருடனுக்குத் தெரியாத ஒரு பை வாங்கு. எல்லாம் சொல்லி முடித்தபின் வந்தவர் எப்படியும் கண்ணாடி அலமாரியில் இருக்கும் நீளமான லென்ஸைக் கைகாட்டுவார். தூரத்தை இழுத்துக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ். அதைக் கேட்டதும் கிளெனிஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"அது எதுக்கு உனக்கு? முதல் வருஷம் கேமராவோட வர்ற சின்ன லென்ஸே தாராளம். கிட்டப் பாக்கணுமா? அதுக்குத்தான் ஆண்டவன் ரெண்டு கால் குடுத்திருக்கான். ரெண்டு அடி முன்னால போ."

இந்தக் கடைசி வாக்கியம் ஊரில் பிரசித்தம். மதுக்கடையில் பீர் வாங்க வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவன், "ரெண்டு அடி முன்னால போ கண்ணு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கிளைவ் மட்டும் சிரிக்க மாட்டார்.

"கிளெனிஸ், நாம கடை நடத்துறோமா, தர்மம் பண்றோமா? நீள லென்ஸ் வாங்க வந்தவனை வாங்காதன்னு அனுப்புற ஒரே ஆள் நீதான்."

"யார் தலையிலயும் எதையும் கட்டினது இல்ல நான். இனியும் கட்டமாட்டேன். வேணும்னா வேற ஆள் பாத்துக்கோ."

வேறு ஆள் கிடைக்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது. கணவன் விட்டுப் போனான், வங்கி வேலை போனது, வீட்டுக் கூரை இன்றும் ஒழுகுகிறது. ஆனால் இந்த ஊரில் ஒருவன்கூட கிளெனிஸ் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்ல முடியாது. இதை நினைத்துக்கொண்டுதான் அவள் ராத்திரி தூங்கினாள்.

2011 ஜூன் மாதம் ஒரு மழை நாளில் ராய்ஸ் ஹெண்டி கடைக்குள் வந்தார். ஐம்பது கிலோமீட்டர் வடக்கே மவுண்ட் பார்க்கரில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பழுப்பு நிற மழைச்சட்டை. முறம் போல இரண்டு கை. வந்தவர் நேராக நீள லென்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இதுதான் வேணும். திமிங்கிலம் எடுக்கணும்."

"முதல் கேமராவா?"

"ஆமா."

"அப்ப இது வேணாம். இங்க வா கண்ணு, கண்ண மூடு."

அவர் குழந்தை மாதிரி கண்ணை மூடினார். அந்தப் பெரிய கைக்கு எந்தக் கேமராவும் பொம்மை போல இருந்தது. நான்காவது கேமராவில் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. இருவரும் சிரித்தார்கள். நீள லென்ஸ் பேச்சை அவர் மறுபடி எடுத்தார், கிளெனிஸ் மறுபடி மறித்தாள்.

"நம்ம கடல்ல திமிங்கிலம் கரைக்கே வருது. பாறை மேல நின்னு பாத்தா மூச்சு விடுற சத்தம் கேக்கும். இருக்கிற லென்ஸோட போ. சின்னதாத் தெரிஞ்சா என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"ரெண்டு அடி முன்னால போகணும்."

பாடம் ஒப்பிக்கிற மாணவனைப் போல அவர் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேமராவை மழைச்சட்டைக்குள் அணைத்தபடி வெளியே ஓடினார். தெருவோரம் நின்ற காரில் ஒரு பெண் கதவைத் திறந்துவிட்டாள். மழையில் கிளெனிஸுக்கு முகம் தெரியவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், காலைத் தேநீரோடு உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்தாள். மூன்றாம் பக்கம். தெற்குக் கரையில் சீல் பாறை என்று நாங்கள் சொல்லும் இடத்தில், திமிங்கிலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அறுபத்திரண்டு வயது மனிதரை, அமைதியான கடலில் திடீரென்று எழும்பும் ராஜ அலை இழுத்துப் போய்விட்டது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்தது. மூன்று நாள் ஹெலிகாப்டர் தேடியது. உடலும் கிடைக்கவில்லை, கேமராவும் கிடைக்கவில்லை. கூடவே ஒரு பழைய புகைப்படம் போட்டிருந்தார்கள். பேருந்தின் ஸ்டீயரிங் மேல் அந்தப் பெரிய கைகள்.

தேநீர் ஆறிப் பாலாடை படியும்வரை கிளெனிஸ் அசையவில்லை.

"என்ன, யாராச்சும் தெரிஞ்சவங்களா?" என்று கிளைவ் கேட்டார்.

"இல்ல" என்றாள். வாழ்க்கையில் அவள் கடையில் நின்று சொன்ன முதல் பொய் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி அலமாரியில் இருந்த நீள லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி எடுத்துக்கொண்டு தனியாகச் சீல் பாறைக்குப் போனாள். கீழே இறங்கவில்லை. மேலே கார்கள் நிற்கும் இடத்தில், கம்பி வேலிக்குப் பின்னால் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஒரு தாய்த் திமிங்கிலமும் குட்டியும் விரிகுடாவின் நடுவே கிடந்தன. லென்ஸைத் திருகினாள். தாயின் முதுகில் ஒட்டியிருந்த சிப்பிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே. ஓர் அடிகூட நகராமல்.

பாவி, நான் பேராசை பிடித்த வியாபாரியாக இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். இதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு கடையில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! கிளெனிஸ் நீள லென்ஸ் விற்க ஆரம்பித்தாள். வந்தவர் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். பூனைக்குட்டியைப் படம் எடுக்க வந்தவளுக்கும் விற்றாள், பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்தவருக்கும் விற்றாள். விலையில் தன் கமிஷனை விட்டுக்கொடுத்து விற்றாள். கிளைவுக்கு வாயெல்லாம் பல். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் வாங்கி வந்து, "இந்த வருஷத்தின் சிறந்த விற்பனையாளர்" என்று கிரீமால் எழுதி வெட்டச் சொன்னார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் பின் அறைக்கு ஓடியதை அவர் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பாடம் மட்டும் பழையபடி நடந்தது. மெகாபிக்சல், கண் மூடல், பேட்டரி, பை. கடைசி வாக்கியத்துக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவாள். இருமுவாள். தண்ணீர் குடிப்பாள். வாடிக்கையாளரே சிரித்துக்கொண்டு, "ரெண்டு அடி முன்னால, அதானே?" என்று முடித்துவைத்தால் முகம் வெளுத்துப் போகும்.

செத்துப்போன ராய்ஸ் கடைக்கு வர ஆரம்பித்ததும் அப்போதுதான். பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை இல்லாதவள் அவள். ஆனாலும் மதியம் மூன்று மணி வாக்கில், கடை காலியாக இருக்கும்போது, மேஜைக் கண்ணாடியில் இரண்டு பெரிய கை பதிந்திருக்கும். துடைப்பாள். திரும்பிப் பார்த்தால் மறுபடி இருக்கும். நனைந்த மழைச்சட்டையின் வாடை அடிக்கும். பழுது பார்க்க வந்த கேமராவைச் சோதிக்க வியூஃபைண்டரில் கண் வைத்தால், ஓரத்தில் பழுப்பாக ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கண்ணை எடுத்தால் அந்த இடத்தில் பைகள் தொங்கும் கம்பி. 'டக்' என்று ஷட்டர் விழும் சத்தம் கேட்டாலே யாரோ தடுக்கி விழுந்த மாதிரி அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும்.

"அந்தக் கண்ணாடிய இன்னிக்கு மட்டும் ஒன்பது தடவை தொடச்சுட்ட" என்றார் கிளைவ்.

"அழுக்கா இருக்கு."

"அதுல ஒண்ணுமே இல்ல கிளெனிஸ்."

யாரிடம் சொல்வது? போலீஸிடம் போய், நான் ஒருவரை இரண்டு அடி முன்னால் போகச் சொன்னேன் என்றால் சிரிப்பார்கள். தண்டனை கொடுக்க ஆள் இல்லாத குற்றம். மவுண்ட் பார்க்கருக்குக் கார் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனாள். ராய்ஸின் மனைவியைப் பார்த்து, காலில் விழாத குறையாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவையும் ஊர் எல்லையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். அவள் என்னைப் பார்த்துக் கத்திவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். கத்தாமல் இருந்துவிட்டால் இன்னும் பெரிய பயம்.

பதினான்கு மாதம் கழித்து, அடுத்த வருஷம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மாளே வந்துவிட்டாள். குட்டையான உருவம், வெட்டிவிட்ட நரைத்த தலை, வெயில் தின்ற முகம். கிளெனிஸுக்கு அடையாளம் தெரியவில்லை.

"முதல் கேமரா" என்றாள் வந்தவள்.

"வா கண்ணு, வா. மெகாபிக்சல் கேக்கமாட்டியே?"

"கேக்கமாட்டேன். கேட்டா வெளிய அனுப்பிடுவீங்கன்னு அவர் சொல்லியிருக்கார்." பையை மேஜைமேல் வைத்தாள். "என் பேர் ஏவிஸ். ராய்ஸ் ஹெண்டியோட வீட்டுக்காரி."

கிளெனிஸ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் வாங்கின அதே கேமரா வேணும். அதே லென்ஸ்."

"அந்த லென்ஸ் வேணாம்மா. இது, இந்த நீளமானதை எடுத்துக்கங்க. இருந்த எடத்துலேந்தே எல்லாம் தெரியும்." அலமாரியைத் திறக்கப் போனாள், சாவி துவாரத்துக்குள் போகவில்லை. "காசு வேணாம். நான் குடுக்கிறேன். சும்மா எடுத்துட்டுப் போங்க."

"அவருக்கு இதைத் தரலையே?"

கிளெனிஸ் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"காரில ஏறினதுலேந்து வீடு போற வரைக்கும் உங்க பாடத்தைத்தான் ஒப்பிச்சார். எனக்குக் காது வலி எடுத்துடுச்சு. இப்ப எனக்கு நீங்க சொல்லுங்க. அவருக்குச் சொன்ன மாதிரியே."

கிளெனிஸ் சொன்னாள். ஏவிஸ் கண்ணை மூடினாள், கட்டைவிரல் பட்டனைத் தேடியது. பாடி, லென்ஸ், பேட்டரி, பை. அதோடு நின்றுவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றாள் ஏவிஸ், கண்ணைத் திறக்காமலே.

"நான்தான் சொன்னேன்." கிளெனிஸின் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு அடி முன்னால போன்னு நான்தான் சொன்னேன். அவர் நீள லென்ஸ்தான் கேட்டார், நான்தான் வேணாம்னேன். நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். தைரியம் வரல. என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க."

"தெரியும். அன்னிக்கே தெரியும். அதைக் கேக்க வரல நான்." ஏவிஸ் கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பல நாள் தூங்காத கண். "நாளைக்கு அந்தப் பாறைக்குப் போறேன். இதை எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. கூட வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல கிளெனிஸுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

ஞாயிறு காலை கடல் அமைதியாகத்தான் இருந்தது. அந்தக் கரையில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இருபது நிமிஷம் குளம் மாதிரி கிடந்துவிட்டு இருபத்தோராவது நிமிஷம் ஒரு வீடு உயரத்துக்கு எழும்பும். அதனால்தான் பாறைக்கு இறங்கும் வழியில், எந்த நேரமும் கடலைப் பார்த்தே நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகுவார்கள். கிளெனிஸ் ஏவிஸின் கோட்டு முனையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

பாறை சமமாக விரியும் இடத்தில் ஏவிஸ் நின்றாள். கோட்டை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க இங்கயே நில்லுங்க. அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன்."

"வேணாம்மா. இங்கேந்தே எடுங்க."

"ஒரு படம். ஒண்ணே ஒண்ணு."

ஏவிஸ் தனியாக முன்னால் நடந்தாள். கறுப்பாக ஈரம் தொடங்கும் கோட்டுக்கு நான்கைந்து அடி இந்தப் பக்கம் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். தூரத்தில் திமிங்கிலம் ஒன்று மூச்சுவிட்டது. வெள்ளைப் புகை எழும்பிக் கலைந்தது.

"சின்னதாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே ஏவிஸ் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு அடுத்த காலையும்.

கிளெனிஸுக்கு உயிரே போய்விட்டது. பதினான்கு மாதமாக வியூஃபைண்டரின் ஓரத்தில் பார்த்த அதே முதுகு. "ஏவிஸ்! பின்னால வா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

ஏவிஸ் சட்டென்று திரும்பினாள். கேமரா மார்பில் தொங்க, முகம் முழுக்க இந்தப் பக்கம், முதுகு முழுக்கக் கடல் பக்கம். அவளுக்குப் பின்னால் நீர் ஏறி இறங்குவதைக் கிளெனிஸ் பார்த்தாள். ஓடிப்போய் கோட்டைக் கொத்தாகப் பிடித்து, கீழே விழுந்து, முழங்கால் கிழிய அவளை மேலே இழுத்து வந்தாள். அலை எதுவும் வரவில்லை. ஈரக் கோட்டில் கொஞ்சம் நுரை தெறித்தது, அவ்வளவுதான்.

"பைத்தியமா உனக்கு! கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிற!"

"திரும்பிட்டேன், பாத்தியா?" ஏவிஸுக்கு மூச்சு வாங்கியது. "திரும்பக் கூடாதுன்னு வீட்டுலேந்து நினைச்சுக்கிட்டே வந்தேன். நீ கத்துவன்னும் தெரியும். ஆனாலும் திரும்பிட்டேன். யார் கத்தினாலும் திரும்பத்தான் செய்வாங்க, இல்ல?"

கிளெனிஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"போலீஸ்கிட்ட சொன்னேன், அலை சத்தமில்லாம வந்துச்சுன்னு. என் மகள்கிட்டயும் அதேதான். நான் கத்தினதை யார்கிட்டயும் சொல்லல." ஏவிஸ் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "முப்பத்தெட்டு வருஷம் அந்த ஆள் பின்னாடியே கத்தியிருக்கேன். மெதுவா ஓட்டு, ஏணில ஏறாத, பின்னால வா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காதுல வாங்கினது இல்ல. அன்னிக்கு வாங்கினார். கடலைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னார் கிளெனிஸ். அலை வர்றது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பின்னால வான்னேன். உடனே திரும்பி, என்னடின்னு என்னைப் பாத்துச் சிரிச்சார்."

கிளெனிஸ் அவள் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ முன்னால போன்னு சொன்ன, போனார். நான் பின்னால வான்னு சொன்னேன், திரும்பினார்" என்றாள் ஏவிஸ். "ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுட்டார் அந்த மனுஷன்."

காற்று தெற்கிலிருந்து எழும்பத் தொடங்கியது. போகலாம் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. எழுந்து, ஒருவர் சட்டைக் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கடல் மேலேயே வைத்தபடி, பின்பக்கமாக ஒவ்வோர் அடியாகப் பாறை ஏறினார்கள்.